கடலோர வாக்கி டாக்கிகளை யார் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீன் ஏலமும் கல்யாணப் பந்தியும் ஒரே அலைவரிசையில் கேட்கிற ஊரில் குடியிருக்கிறேன். குமரி மாவட்டம், குளச்சல் பக்கம். மின்சாதனப் பழுது பார்ப்பது என் தொழில். வீட்டு மாடியில் மத்திய அரசின் உரிமத்தோடு ஒரு ஹாம் வானொலி நிலையமும் வைத்திருக்கிறேன். வியாபாரம் இல்லாமல், வானலையில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள உரிமம் பெற்றவர்களைத்தான் ஹாம்கள் என்பார்கள். அது பொழுதுபோக்கு. ஆனால் பரீட்சை எழுதி, போலீஸ் விசாரணை முடிந்து, அழைப்புக் குறி (வானலையில் என்னை அடையாளம் காட்டும் பெயர்) கைக்கு வரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து பெற்ற பொழுதுபோக்கு.

இந்தியாவில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஹாம்களுக்கு ஒதுக்கிய பட்டை, அதாவது அலைவரிசைத் தொகுதி. ஞாயிறு காலையில் நாங்கள் அதில் கூடுவோம். நாகர்கோவில், மார்த்தாண்டம், திருநெல்வேலி என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வருகை எடுப்பது வழக்கம். நடுவில் ஒரு குரல் நுழையும்: “மூணாவது பந்தி உக்காந்தாச்சு, பாயாசம் எங்கடே?” அது கல்யாண மண்டபம். அது ஓய்ந்ததும் ஏதோ ஒரு படகை ஓட்டுகிற ஸ்ராங்கு, வலை கிழிந்த கதையைத் தன் பங்காளியிடம் சொல்லத் தொடங்குவார். கட்டட வேலை நடக்கிற இடத்துக் காவலாளிகள், கல்குவாரிக்காரர்கள், கொடை விழாக் கமிட்டி, ரிசார்ட் பையன்கள் என்று எல்லாரும் வந்து போவார்கள். கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். எங்கள் அரட்டை கெட்டதற்காக மட்டும் என்றால் உங்கள் பக்கத்தில் இடம் கேட்டு எழுத மாட்டேன்.

பிரச்சினை இவர்கள் கையில் இருக்கிற வாக்கி டாக்கியில் இருக்கிறது. இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற சீனத் தயாரிப்புக் கைக்கருவிகளில் பல, 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், அப்புறம் 400-க்கு மேலே ஒரு பெரிய நீளத்திலும் எங்கே வேண்டுமானாலும் பேசக்கூடியவை. யாருக்கு எது ஒதுக்கப்பட்டது என்பதெல்லாம் அந்தக் கருவிக்குத் தெரியாது. 136-இலிருந்து 174-க்குள் எங்கள் ஹாம் பட்டை மட்டுமா இருக்கிறது? உலகம் முழுக்கக் கப்பலும் படகும் ஆபத்தில் கூப்பிடுகிற 16-ஆம் சானல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், அதற்குள்தான் இருக்கிறது. 400-க்கு மேலே போனால் 406. கப்பல் மூழ்கினால் தானாகவே செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்பும் அபாய பீக்கன்களுக்காக 406.0 முதல் 406.1 வரை உலகமே ஒதுக்கி வைத்திருக்கிற சின்னத் துண்டு அது. அந்தத் துண்டில் யாராவது இரைச்சல் போட்டால் செயற்கைக்கோள்களுக்கே தொந்தரவு என்பதால், எந்த நாட்டிலிருந்து குறுக்கீடு வருகிறது என்று கண்காணித்துச் சர்வதேச அமைப்புக்கு அறிக்கை கொடுக்கிறார்கள். நம் ஊர் மண்டபத்துக்காரருக்கு இது தெரியுமா? அவரிடம் விற்றவருக்குத் தெரியுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைப் படகுக்காரர்களிடம் சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். பழைய மீடியம் வேவ் ரேடியோவில் ராத்திரி நேரம் இரண்டு நிலையங்கள் கலந்து கேட்கும். இந்தக் கருவிகள் எஃப்.எம். முறையில் பேசுபவை, இதில் அப்படிக் கலக்காது. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், பலமான சிக்னல் மட்டும் கேட்கும். பலவீனமானது மங்கலாகக்கூட வராது, அடியோடு மறைந்துவிடும். கரையில் இருக்கிற கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் ஐந்து வாட் கருவியில் பேசிக்கொண்டிருக்கும்போது, தூரக் கடலில் தண்ணீர் ஏறுகிற வள்ளத்திலிருந்து ஒருவர் அதே சானலில் கூப்பிட்டால், கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அப்படி ஒருவர் கூப்பிட்டார் என்பதே தெரியாது. குறுக்கே பேசியவருக்கும் தெரியாது. அதனால்தான் யாரும் புகார் கொடுப்பதில்லை. கேட்காமல் போன குரலுக்கு யார் சாட்சி?

ஒக்கி புயலைப் பார்த்த மாவட்டம் இது. 2017 நவம்பர் கடைசியில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கம் வீட்டுக்கு வீடு என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தங்கல் போட்டு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, ஆழ்கடலில் கிடந்தவர்களுக்குக் கரையின் குரல் எட்டவில்லை. அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழி எச்சரிக்கை, படகுகளில் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் என்று பேச்சு சூடு பிடித்தது. இப்போது பல விசைப்படகுகளில் அது பொருத்தியும் விட்டார்கள். நல்லது. ஆனால் பக்கத்துப் படகைக் கூப்பிட இன்றைக்கும் வயர்லெஸ்தான். ஒக்கிக்கு முன்பும் பின்பும் மானியத்தில் கடல்சார் வி.எச்.எஃப். கருவிகளை (16-ஆம் சானல் உள்ள, படகுகளுக்கென்றே செய்த வயர்லெஸ்) மீன்வளத்துறை கொடுத்திருக்கிறது. அப்படியிருக்க, அந்த நல்ல கருவியை வைத்துக்கொண்டே சீனக் கைக்கருவியையும் ஏன் வாங்குகிறார்கள்?

துறைமுகத்தில் கேட்டால் சிரிப்பார்கள். மீன்பாடு, அதாவது மீன் நிறையக் கிடைக்கிற இடம், எங்கே என்று அடுத்த படகுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான். கடல்சார் சானலில் பேசினால் ஊரே கேட்கும். அதனால் யாரும் வராத இடமாக ஒன்றைக் கடைக்காரர் பார்த்துப் போட்டுத் தருவார். அவர் “யாரும் வராத இடம்” என்று நினைக்கிற இடம் எங்கள் பட்டையாக இருக்கும், வேறு யாருடையதாவதாகவும் இருக்கும். மீனவர்களை இதில் நான் குற்றவாளி ஆக்க மாட்டேன். பத்து நாள் டீசலும் ஐஸும் கடன் வாங்கிக் கடலுக்குப் போகிறவர், பாடு கண்ட இடத்தை மறைக்கத்தான் பார்ப்பார். அவருக்கு முறைப்படி என்ன வழி என்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

கடையில் என்ன சொல்கிறார்கள் என்பதை நானே பல தடவை காதால் கேட்டிருக்கிறேன். “லைசென்ஸா? அதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி, இது டிஜிட்டல்.” டிஜிட்டலுக்கும் உரிமத்துக்கும் சம்பந்தமே இல்லை. உரிமம் வேண்டாத வாக்கி டாக்கியும் நம் நாட்டில் இருக்கத்தான் செய்கிறது. 2018-இல் வந்த விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்தியில், வகைச் சான்று (அந்த மாடல் விதிப்படி இருக்கிறது என்ற அரசுச் சான்று) பெற்ற கருவி என்றால் யாரும் தனி உரிமம் இல்லாமல் பேசலாம். கல்யாண மண்டபத்துக்கும் கொடை விழாவுக்கும் அது தாராளமாகப் போதும். ஆனால் அதில் தூரம் கொஞ்சம் குறைவு. “கிலோமீட்டர் கணக்கில் எடுக்கும்” என்று சொல்லி விற்கிறவருக்கு அது லாபப்படாது. அதனால் மடிக்கணினியையும் ஒரு கேபிளையும் வைத்துக்கொண்டு, கேட்ட இடத்தில் அலைவரிசையைப் போட்டுத் தருகிறார். இந்த ஒரு வேலைதான் எல்லாவற்றுக்கும் ஊற்றுக்கண் என்பது என் கருத்து.

இணையக் கடைகள் விஷயத்தில் மத்திய அரசு கொஞ்சம் விழித்துக்கொண்டது. 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஆயிரக்கணக்கான வாக்கி டாக்கி விளம்பரங்களில் அலைவரிசை எது, உரிமம் தேவையா, சான்று உண்டா என்ற தகவலே இல்லை என்பது கண்டறியப்பட்டது. அதே மாதக் கடைசியில் வழிகாட்டு நெறிமுறைகளும் வந்தன. அலைவரிசையையும் சான்றையும் காட்டாமல் இனி பட்டியலிடக் கூடாது என்பது அதன் சாரம். வரவேற்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்கள் இணையத்தில் அலைவரிசை பார்த்தா வாங்குகிறார்கள்? துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், பேட்டரி, டார்ச் லைட், ஜி.பி.எஸ். கருவியோடு தொங்கவிட்டிருக்கிற கடையில் வாங்குகிறார்கள். தில்லியிலிருந்து வந்த நோட்டீஸ் அந்தக் கடை வாசலை மிதித்ததாகத் தெரியவில்லை.

சட்டத்தின் கதை இன்னும் விசித்திரம். 1933-இல் வந்த இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம்தான் இத்தனை காலம் நம்மை ஆண்டது. அதன் 6-ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நான் 20 ஆண்டு ஹாம் உரிமத்துக்குக் கட்டிய கட்டணமும் அதே 1,000 ரூபாய்தான்! பரீட்சை எழுதி, புள்ளி, கோடு ஒலிகளால் பேசும் மோர்ஸ் கற்று, காத்திருந்து உரிமம் வாங்குகிறவனும், எதுவும் செய்யாமல் பிடிபடுகிறவனும் கடைசியில் ஒரே தொகையைக் கட்டினால் எவன் பரீட்சைக்கு வருவான்? மறுபக்கம் மூன்று ஆண்டு சிறை. ஒரு கட்டுமரக்காரரைக் கைக்கருவி வைத்திருந்ததற்காக மூன்று ஆண்டு உள்ளே தள்ள எந்த இன்ஸ்பெக்டருக்கு மனசு வரும்? வரவும் கூடாது. சிறை என்றால் மிக அதிகம், அபராதம் என்றால் மிகச் சொற்பம். இரண்டுக்கும் நடுவில் சட்டம் அலமாரியிலேயே கிடந்தது. பாதுகாப்புப் பயம் வருகிற நேரத்தில் மட்டும் வெளியே எடுப்பார்கள். யாராவது வெளியூர்க்காரரிடம் கருவி கிடைத்தால் “மர்மக் கருவியுடன் சிக்கியவர்” என்று செய்தி வரும். குறுக்கீடு என்ற சொல்லே அந்தச் செய்தியில் இருக்காது.

2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, 2024 ஜூன் முதல் அதன் பிரிவுகள் பகுதி பகுதியாக நடைமுறைக்கு வருகின்றன. உரிமம் இல்லாமல் கருவி வைத்திருப்பதை விசாரணை அதிகாரி முன் முடியும் பண அபராதமாக அது மாற்றுகிறது. சரியான திசைதான். ஆனால் அந்த அபராதம் யார்மேல் விழப் போகிறது என்பதுதான் என் கவலை. எளிதில் கையில் சிக்குகிறவர் மீனவர். அவரைத் துறைமுகத்திலேயே நிறுத்தி வைத்துக் கணக்குக் காட்டிவிடலாம். மண்டபக்காரரும் ரிசார்ட் முதலாளியும் அப்படிச் சிக்க மாட்டார்கள். அவர்களிடம் வக்கீல் இருக்கிறார். வியாபாரத்துக்காகப் பயன்படுத்துகிறவர், தனி அலைவரிசைக்கு முறையாக உரிமம் வாங்கக் காசு உள்ளவர், தெரிந்தே வாங்காதவர். முதல் அபராதம் அவர்களுக்கும் அலைவரிசை போட்டு விற்கிற கடைக்கும் போகட்டும்.

சரி, எந்த மண்டபம், எந்தக் குவாரி என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமா? இல்லை. பிளாஸ்டிக் பைப்பில் இரும்பு அளவு நாடாவைத் துண்டு துண்டாக வெட்டிக் கட்டினால் திசை காட்டுகிற யாகி ஆண்டெனா தயார். செலவு சில நூறு ரூபாய். நரி வேட்டை என்று பெயர் வைத்து ஹாம்கள் உலகம் முழுக்க இதை விளையாட்டாகவே ஆடுகிறார்கள். ஒளித்து வைத்த டிரான்ஸ்மிட்டரை யார் முதலில் கண்டுபிடிப்பது என்று போட்டி. ஒரு தடவை எங்கள் ஞாயிறு சந்திப்பைக் கெடுத்துக்கொண்டிருந்த சிக்னலின் பின்னால் இரண்டு நண்பர்களோடு பைக்கில் போனேன். ஒரு பெரிய கட்டட வேலை நடக்கிற இடத்தின் கேட்டில் போய் முடிந்தது. காவலாளி வடமாநிலப் பையன், பாவம், கம்பெனி கொடுத்ததைப் பிடித்துக்கொண்டிருந்தான். மேற்பார்வையாளரிடம் பேசினோம். “உங்களுக்கு என்ன அதிகாரம்?” என்றார். நியாயமான கேள்வி. எங்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. இருக்கவும் கூடாது. அதிகாரம் உள்ள இடத்துக்கு நேரம், அலைவரிசை, ஒலிப்பதிவு, வரைபடம் எல்லாம் வைத்துப் புகார் எழுதினேன். அந்தத் தாள் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போனது. காவல் நிலையத்தில், “வாக்கி டாக்கியில பேசினா என்ன சார் குத்தம்?” என்று கேட்டார்கள். எந்த அலுவலகம், எந்த நிலையம் என்று பெயர் சொல்லிப் பயனில்லை. அங்கே இருக்கிறவர்களுக்கு இதற்கென்று ஒரு பதிவேடோ ஒரு பயிற்சியோ கொடுக்கப்படவே இல்லை.

வானலைகளைக் கண்காணிக்க வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பு என்று மத்திய அரசில் தனிப்பிரிவே இருக்கிறது. 1952 முதல் இயங்குகிறது. திசை காணும் கருவி ஏற்றிய வண்டிகளும் உண்டு. சென்னையில் பெருங்குடியில் ஒரு நிலையம், எங்களுக்குப் பக்கம் என்று சொன்னால் திருவனந்தபுரத்தில் ஒரு நிலையம். தமிழகக் கடற்கரையோ ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளம். கடைகளிலும் லாட்ஜ்களிலும் அனுமதியில்லாமல் மாட்டுகிற மொபைல் சிக்னல் பூஸ்டர்களைப் பிடுங்கவும் அவர்கள்தான் போக வேண்டும். செல்போன் கம்பெனி புகார் கொடுத்தால் அதற்கு ஒரு வேகம் இருக்கிறது. அந்த வேகம் கடல் அலைவரிசைக்கும் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. ஆண்டுக்குச் சில நாட்களாவது ஒரு கண்காணிப்பு வண்டி முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் வந்து நின்றால் போதும், எங்கெங்கே எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஹாம்கள் கொடுக்கும் பதிவுகளை முதல் தகவலாக எடுத்துக்கொண்டு, வந்து சரிபார்ப்பதை அவர்கள் செய்யலாம். புகார் என்ன ஆனது என்று நாலு வரியில் பதில் வந்தால் இன்னும் நல்லது.

“ஹாம்கள் எல்லாம் யோக்கியமா?” என்று யாராவது கேட்கலாம். இல்லை. பழைய செட்டை உரிமம் இல்லாதவரிடம் விற்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறவர்கள் எங்களிலும் உண்டு. அமெரிக்காவில் 2021 ஜூலையில், ஐடஹோ மாநிலத்தில் ஒரு காட்டுத்தீயை அணைத்துக்கொண்டிருந்தவர்களின் அரசு அலைவரிசையில், உரிமம் பெற்ற ஹாம் ஒருவரே இரண்டு நாட்கள் உள்ளே புகுந்து விமானங்களுக்குத் தகவல் சொன்னார். உதவத்தானே செய்தேன் என்பது அவர் வாதம். தீயணைப்புப் பணியில் இருந்த அதிகாரி ஒருவர் நேரில் போய் அவரைக் கண்டுபிடித்து நிறுத்தச் சொன்னார். அடுத்த ஆண்டு அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் 34,000 டாலர் அபராதம் முன்மொழிந்தது. நல்ல எண்ணம் என்பதைக் காரணமாக ஏற்கவில்லை. அது சரி என்றே நினைக்கிறேன். அதே அளவுகோலை எங்கள்மேலும் வையுங்கள். 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்த பாரதி பிரசாத் குழுவினர், தொலைபேசி செத்துப்போன தீவிலிருந்து செய்திகளை வெளியே அனுப்பினார்கள். அன்றைக்கு அந்த அலைவரிசை காலியாக இருந்தது, அதை நடத்தியவர்கள் முறையான உரிமதாரர்கள், அதனால் கேட்டது.

மீனவர்களுக்கு என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். கருவியைப் பிடுங்குவதால் ஒன்றும் ஆகாது, அடுத்த வாரமே இன்னொன்று வாங்குவார். 16-ஆம் சானலை எதற்கெல்லாம் விட்டுவைக்க வேண்டும், படகுக்குப் படகு பேச எந்தச் சானல், கூப்பிடும்போது படகின் பெயரையும் இடத்தையும் எப்படிச் சொல்வது என்று தமிழில் ஒரு தாள் அடித்துத் தரலாம். விண்ணப்பம் எல்லாம் ஆங்கிலத்தில் இணையத்தில் கிடக்கிறது. அதைக் கூட்டுறவுச் சங்கத்திலேயே உட்கார்ந்து நிரப்பித் தர ஓர் ஆள் வேண்டும். பாடு கண்ட இடத்தை மறைத்துப் பேச முறைப்படி ஒரு வழி தர முடியுமா என்று தொலைத்தொடர்புத் துறையும் மீன்வளத்துறையும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அந்தத் தேவை உண்மையானது, அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் எந்த விதியும் கடலில் நிற்காது.

இதையெல்லாம் செய்யத் தனியாக நாள் தேட வேண்டியதில்லை. மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. குமரி மாவட்டத்தில் கிழக்குப் பக்கத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குப் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். மீன்வளத்துறை அப்போதுதான் ஒவ்வொரு படகாக ஏறிப் பதிவு எண், நீளம், எஞ்சின், உயிர்காப்பு உடை என்று ஆய்வு செய்கிறது. அந்தப் படிவத்தில் வயர்லெஸ் கருவி என்று ஒரு வரி சேர்க்கட்டும். கருவி என்ன, சான்று உண்டா, எந்த அலைவரிசையில் இருக்கிறது என்று பார்த்து, தவறாக இருந்தால் அங்கேயே மாற்றிப் போட்டுத் தர ஒரு டெக்னீஷியன் உடன் வரட்டும். சின்னமுட்டத்தில் முதல் சுற்று, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்தில் அடுத்த சுற்று. முதல் ஆண்டு அபராதம் வேண்டாம். கேபிளும் மடிக்கணினியும் எடுத்துக்கொண்டு சம்பளம் கேட்காமல் வர எங்கள் மாவட்ட ஹாம்கள் சிலர் தயாராக இருக்கிறோம். மீன்வளத்துறை கூப்பிட்டால் போதும்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற ஹாம் ஒருவர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.
(பெயரையும் அழைப்புக் குறியையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)